அணிலுக்காக நடந்த வளைகாப்பு

எங்கள் அடுக்குமாடியில் நம் வயதுக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், கோயில் கோபுரம், சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய்த் தண்ணீர். இதற்கு நடுவே போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: பால்கனியில் குருவிக்குத் தினை வைத்தால் அணில் வந்து தின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்? ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வலை அடியுங்கள், மிளகாய்த்தூள் தூவுங்கள், கம்பியில் எண்ணெய் தடவுங்கள். ஒரு அம்மாள் மட்டும், பாவம், சின்ன ஜீவன், தின்றுவிட்டுப் போகட்டும் என்று கண்ணீர் விடும் பொம்மையோடு எழுதியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அணிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அங்கே எழுதினால் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அறுபதைத் தாண்டியவர்கள் படித்தால் போதும். இளசுகளுக்குப் புரியாது, புரிந்தால் நம்மைப் பற்றி நல்லபடியாக நினைக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். பெரம்பலூரெல்லாம் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம். எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவுக்கு ரோடு போடும் வேலை, ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடம் கெடக்கூடாதென்று அந்த ஒரு வருஷம் என்னைக் குரும்பலூருக்குப் பக்கத்தில் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகனான அண்ணன், அண்ணன் கட்டிக்கொண்டு வந்த அண்ணி. வீட்டில் அவ்வளவு பேர்தான்.

பெரியம்மா நல்லவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்குப் பேன் பார்த்துப் பின்னிவிட்டவள். காய்ச்சலில் படுத்தால் ரசம் சோற்றைக் குழையக் கரைத்து ஊட்டியவள். வாசலுக்கு வந்த எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முறை. எதற்கும் ஒரு முறை உண்டு, அந்த முறையை மீறாமல் செய்தால் எதையும் செய்யலாம் என்று நம்பினாள். எனக்கு இந்த வயதில் முறை என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருவது அவளால்தான்.

வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. நடுவில் ஒரு நீள அறை. அதற்குள் போனால் சாக்கு வாசனையும் காய்ந்த கடலை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அந்த அறையின் பரணில்தான் விதைக்கடலை மூட்டைகள் இருந்தன. மார்கழியில் பிடுங்கி, காய்ந்ததும் நல்ல காயாகப் பொறுக்கி, ஆடி விதைப்புக்கென்று எடுத்து வைத்தது. மூலையில் பருத்தி குவிந்து கிடக்கும். பகலிலும் அங்கே வெளிச்சம் மங்கல். கண்ணாடி ஓடு ஒன்றிலிருந்து மட்டும் வெயில் ஒரு கோடாக இறங்கும், அதில் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டே நான் வாய்ப்பாடு படிப்பேன்.

அந்த அறையில்தான் அண்ணியின் கட்டில் கிடந்தது. கால்மாட்டுப் பக்கம் கட்டிலின் இரண்டு கால்களுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அண்ணி அதில் தலை தாழ்ந்து, கால் உயர்ந்து படுத்திருப்பாள். அதற்கு முன் இரண்டு முறை அவளுக்கு வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவதாக உண்டானபோது பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எழுந்து நடக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, பஸ், மாட்டு வண்டி எதிலும் ஏறவே கூடாது, பிரசவம் வரை படுத்தே கிடக்க வேண்டும். செங்கல் வைக்கச் சொன்னதும் அவர்தான். இந்த முறை நான்கு மாதம் தாண்டிவிட்டது. முதல் இரண்டும் அதுவரை வந்ததில்லை.

அண்ணி அரியலூருக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. வெடுக்கென்று பேசுவாள், அடக்க முடியாமல் சிரிப்பாள். படுத்துக்கொண்டே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். தலைகீழாகப் படுத்தால் கணக்கு நன்றாக வருகிறது என்பாள்.

இனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கூரையைப் பிரிக்கக் கூடாது, ஓடு மாற்றக் கூடாது. புருஷன் ஒரு உயிரைக் கொல்லக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது. மீறினால் வயிற்றில் இருப்பது தங்காது என்பார்கள். ஏற்கெனவே இரண்டு போன வீடு. பெரியம்மா இதையெல்லாம் கடுகளவும் பிசகாமல் பார்த்துக்கொண்டாள். அண்ணன் முகத்தில் தாடி காடாக வளர்ந்துவிட்டது. கவட்டை வில்லில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஓடுகிற ஓணானை அடிப்பான். அந்தக் கவட்டையைப் பெரியம்மா பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். தெருவில் போனால், என்னடா, சாமியாராப் போகப் போறியா என்று கேலி செய்வார்கள். அண்ணன் சிரித்துவிட்டு வந்துவிடுவான்.

தை பிறந்ததும் அணில்கள் வந்தன.

அணில் கடலை தின்னும் என்பது யாருக்குத்தான் தெரியாது? களத்தில் ஒன்றிரண்டு தின்றுவிட்டுப் போனால் யாரும் கண்டுகொள்வதில்லை. இவை அப்படி இல்லை. ஓட்டு இடுக்கு வழியாகப் பரணில் இறங்கி, சாக்கைக் கடித்து ஓட்டை போட்டு, காயை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டுத் தொலியை மட்டும் அண்ணியின் கட்டிலில் கொட்டின. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதல் வேலை அண்ணியின் போர்வையை உதறுவதுதான். மூலையிலிருந்த பருத்தியை வாயில் கவ்விக்கொண்டு ஓடின. பூசை மாடத்தில் இருந்த திரியைக்கூட விடவில்லை.

விரட்டுவதற்குச் செய்யாத வித்தை இல்லை. ஓட்டு இடுக்கில் கருவேல முள்ளைச் செருகினார்கள். அணில் முள்ளின் மேல் உட்கார்ந்து மீசை தடவிக்கொண்டது. டால்டா டப்பாவில் கல்லைப் போட்டுக் கயிறு கட்டி என்னை இழுக்கச் சொன்னார்கள். அணிலுக்குப் பழகிவிட்டது, அண்ணிக்குத்தான் தலைவலி வந்தது. மிளகாய் வற்றல் புகை போடலாம் என்று பெரியப்பா சொன்னார், பிள்ளைத்தாய்ச்சிக்கு இருமல் வந்தால் என்ன ஆகும் என்று பெரியம்மா அடக்கினாள். எதிர்வீட்டுப் பூனையை இரவல் வாங்கி வந்தோம். அது பருத்தி மேல் சுருண்டு படுத்துத் தூங்கியது.

கடைசியில் பெரியப்பா எலிக்கூண்டில் தேங்காய்ச் சில்லு வைத்து ஒன்றைப் பிடித்தார். கொல்ல முடியாது, ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று தீர்மானம். விடுவதற்கு முன், திரும்பி வந்தால் தெரியட்டும் என்று வேட்டிக்குப் போடும் நீலத்தில் அதன் வாலை முக்கினார். கூண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பி வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் நீல வால் அணில் மதில் மேல் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா ஏரி வரை போனாரா, டீக்கடையோடு திரும்பினாரா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. அன்றைக்கு அண்ணி சிரித்த சிரிப்பில் பெரியம்மா பயந்துபோய், சிரிக்காதடி, வயிறு குலுங்குது என்று ஓடி வந்து அவள் வயிற்றில் கை வைத்தாள். நான் சொன்னேனே, நல்லவள்தான்.

அண்ணிக்கு அந்த அணில்களைப் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. பார்க்க வேறு என்ன இருந்தது? அவள் கண்ணுக்கு நேர் மேலே, பரணுக்கும் ஓட்டுக்கும் நடுவே, ஒரு பெட்டை அணில் கூடு கட்டியது. பருத்தி, தேங்காய் நார், அண்ணியின் பழைய சேலைக் கிழிசல். எது எப்போது போனது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் நான் உள்ளே வந்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"கேளு."

உற்றுக் கேட்டேன். மேலே மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம்.

"குட்டி போட்டுருச்சுடி. நம்ம வூட்லயும் ஒருத்தி பெத்துட்டா," என்றாள். "இது கண்ணு தொறந்து கீழ எறங்கட்டும், அதுக்குள்ள எனக்கும் ஆறு மாசம் ஆயிரும். அதுக்கப்புறம் பயமில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ அசைந்தது போல எனக்குத் தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் அண்ணி, அசையுது என்றேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாசியில் ஒரு நாள் பெரியப்பா பரணில் ஏறி மூட்டைகளைப் புரட்டினார். இறங்கும்போது அவர் முகம் கறுத்திருந்தது. ஒரு மூட்டை அப்படியே தொலி. இன்னொன்று பாதி. இப்படியே போனால் ஆடியில் விதைக்க ஒன்றும் இருக்காது என்றார். ஓட்டைப் பிரித்து, கூட்டைக் கலைத்து, இடுக்கை அடைத்து மறுபடி வேய்ந்தால்தான் விதை பிழைக்கும்.

"எப்புடிப் பிரிக்கறது? இவ கெடக்காளே வூட்ல," என்றாள் பெரியம்மா.

மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தகர டின் வாங்கிப் போட்டு வைத்திருக்கலாம். கட்டிலையாவது பக்கத்து அறையில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் விதை வைக்கிற இடம் அதுதான், பெரியப்பாவின் அப்பா காலத்திலிருந்து. கட்டிலை மாற்றினாலும் கூரை ஒன்றுதானே, அதைப் பிரிக்க முடியாதே. பெரியம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அன்று முழுக்க யோசித்தாள். சாயங்காலம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள், முகம் தெளிந்திருந்தது.

"இந்த மாசம் அவளுக்கு அஞ்சாச்சு. அஞ்சும் ஒத்தப்படதானே? வளையலப் போட்டு அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிச்சிருவோம். புள்ளத்தாச்சி வூட்ல இல்லன்னா கூரையப் பிரிக்கறதுல தோசமில்ல."

ஏழில் செய்வார்கள், ஒன்பதில் செய்வார்கள். ஐந்தில் வளையல் போட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்தில் நான் கேட்டதில்லை. பெரியப்பா கேட்டார்:

"டாக்டரம்மா பஸ்ல ஏறக் கூடாதுன்னாங்களே?"

"அது அப்ப சொன்னது. அப்ப மூணாம் மாசம். இப்பதான் நெலச்சிருச்சே."

அண்ணியின் காதில் விழாமல் பேசியதாக அவர்கள் நினைப்பு. அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நிலைப்படிதான் இருந்தது.

அண்ணன் உள்ளே வந்ததும் அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பருத்திக் குவியல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்களக் கும்புட்டுக் கேக்கறேன். டவுனுக்குப் போயி டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருங்க. அவங்க போன்னா நான் போறேன். போகாதன்னா, அத்தகிட்ட நீங்க சொல்லுங்க."

"கேட்டுட்டு வரேன். அழுவாத."

மறுநாள் காலையில் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டான். பெரம்பலூர் போய், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, கேட்டுவிட்டுத் திரும்ப அந்த நேரம் போதாது என்று எனக்கே தெரிந்தது.

"என்ன சொன்னாங்க?"

"போலாம்னுட்டாங்க. மெதுவாப் போகச் சொன்னாங்க."

அண்ணி அவனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "டாக்டரம்மா இன்னிக்கு என்ன கலர்ல சேல கட்டியிருந்தாங்க?"

"அதெல்லாம் யாரு பாத்தா?" என்றான் அண்ணன். தாடியைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவனுக்கு அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். அது ஒரு குற்றமா என்று என்னிடம் பின்னாளில் சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். குற்றம்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

வளைகாப்பு அவசரமாக நடந்தது, ஆனாலும் குறை சொல்ல முடியாது. பெரியம்மா வகை வகையாகச் சோறு கட்டினாள்: புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு. அண்ணியின் அம்மாவும் தம்பியும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரெண்டு போன வயிறு பாருங்க சம்பந்தி, சீக்கிரம் சந்தோசப்படுத்திப் பாத்துரணும்," என்றாள் பெரியம்மா. "டாக்டரம்மாவும் சரின்னுட்டாங்க."

பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பச்சையும் சிவப்புமாகக் கை நிறைந்தது. அண்ணியை எழுப்பி உட்காரவைத்ததே அன்றைக்குத்தான். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. கூட்டம் குலவை போட்டபோது பரணில் தாய் அணில் கத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடியது. அண்ணி நிமிர்ந்து அதைப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவி, புள்ளத்தாச்சி கீழ பாக்கணும்டி என்று அவள் தாடையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

சாப்பிட்டு முடித்ததும் மாட்டு வண்டி வந்தது. குரும்பலூர் வரை வண்டி, அங்கிருந்து பெரம்பலூருக்கு பஸ், பிறகு அரியலூருக்கு இன்னொரு பஸ். வாடகைக் கார் பிடிக்கலாமா என்று அண்ணியின் தம்பி கேட்டார். எதுக்கு, வைக்கோல் போட்டு மெத்துன்னு பண்ணியிருக்கோம்ல என்றார் பெரியப்பா. அண்ணன் கூடப் போகவில்லை. அவனுக்குக் கூரை வேலை இருந்தது.

வண்டி தெருமுனை திரும்பியதும் அண்ணன் ஏணியைச் சுவரில் சாய்த்தான். ஏறப் போனவன் ஒரு காலை வைத்துவிட்டு நின்றான்.

"அம்மா, அவ இன்னும் குரும்பலூரே போயிருக்க மாட்டா."

"ஊரு எல்ல தாண்டிட்டா தாண்டுனதுதான். இனி அவ அவங்க வூட்டுப் பொறுப்பு. நீ ஏறு," என்றாள் பெரியம்மா. அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கவட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

அண்ணன் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே தந்தான், பெரியப்பா வாங்கி அடுக்கினார். இருட்டாகவே நான் பார்த்துப் பழகிய அறையில் வெயில் கொட்டியது. கூட்டை அப்படியே அள்ளி வாசலில் போட்டான். பஞ்சு பிரிந்து குட்டிகள் உருண்டன. உடம்பில் மயிரில்லை, கண் திறக்கவில்லை, கட்டை விரல் நீளம்தான். ஒன்று கல்லில் விழுந்து அப்போதே செத்தது. மற்றவை நெளிந்தன. காக்கை ஒன்று இறங்கி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. மீதியை என்ன செய்வது என்று அண்ணன் மேலேயிருந்து கேட்டான்.

"அரைகொறையா வுடாத. முடிச்சுரு," என்றாள் பெரியம்மா.

அண்ணன் இறங்கி வந்து காலால் முடித்தான். தாய் அணில் மதில் மேல் முன்னும் பின்னும் ஓடி ஓடிக் கத்தியது. அவன் கல்லை வைத்துக் கவட்டையை இழுத்தான். குறி தப்பவில்லை. தாடிக்குள் அவன் பல் தெரிந்தது. பல நாளாக அடைத்து வைத்திருந்த சந்தோஷம் அது. மற்ற அணில்களையும் தேடித் தேடி அடித்தான், நீல வால்காரனும் தப்பவில்லை. நான் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். புளிச்சோறு ஒத்துக்கல போலிருக்கு என்று பெரியம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் இன்னொன்றும் கேட்டான். அவ வூட்ல இல்லியே, மொகம் வழிச்சுக்கவா? பெரியம்மா கொஞ்சம் யோசித்து, கூரைக்கே தோசமில்லன்னா மொகத்துக்கு என்ன, வழிச்சுக்க என்றாள். தாடி போனதும் அவன் பழைய அண்ணனாகிவிட்டான்.

மறுநாள் காலை அண்ணியின் ஊரிலிருந்து ஓர் ஆள் வந்தார். அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார். பெரியம்மா அண்ணனோடு அப்படியே கிளம்பினாள். என்னையும் கூட்டிக்கொண்டாள், பையும் கூஜாவும் தூக்க. அரியலூர் ரோடு அப்போது ரோடா? சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழி குழியாகக் கிடந்தது. பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த என் பல்லே கிடுகிடுத்தது. நேற்று இதே வழியில்தான் அண்ணி போயிருப்பாள். அந்தப் பத்து வயதில் எனக்குத் தோன்றிய அந்த ஒன்று, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அண்ணி கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். போர்வைக்குக் கீழே வயிறு தட்டையாக இருந்தது. கை நிறைய வளையல் அப்படியே இருந்தது. அங்கிருந்த டாக்டர் வயதானவர், கோபக்காரர்.

"யாரும்மா இந்தப் பொண்ண பஸ்ல ஏத்துனது?"

"வளையல் போட்டா பொறந்த வூட்டுக்கு அனுப்பறது வழக்கந்தானுங்க," என்றாள் பெரியம்மா.

"அஞ்சாம் மாசத்துலயா?"

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணிலு தொந்தரவுங்க சார்," என்றாள்.

"எது?"

"அணிலுங்க. விதக்கடலையெல்லாம் தின்னுட்டுதுங்க."

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்புளப் புள்ளம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அண்ணியின் அம்மா தலை நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்தார்.

"மாப்ள. மொகத்த எப்ப வழிச்சீங்க?"

அண்ணன் கன்னத்தில் கையை வைத்தான். மறைக்கிற மாதிரி இருந்தது.

"கூரையப் பிரிச்சீங்களா? உசுரு எதும் கொன்னீங்களா? சொல்லுங்க மாப்ள!"

அவன் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குட்டிகளைக் காலால் மிதித்தது வரை. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எத்தனை மணிக்குக் கொன்னீங்க, எத்தனை மணிக்கு இவளுக்கு வலி வந்தது என்று இரண்டு குடும்பமும் கணக்குப் போட்டது. பொழுது சரியாக ஒத்து வந்தது. அவ்வளவுதான், எல்லோருக்கும் தெளிந்துவிட்டது. அணில் சாபம். பெரியம்மாவும் சம்பந்தியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் ஊரு எல்லையத் தாண்டுனா போதும்னு நெனச்சேனே, கணக்கு தப்பிப்போச்சே என்று பெரியம்மா புலம்பினாள். பொய்யான அழுகை இல்லை அது. டாக்டர் பஸ்ஸைப் பற்றிக் கேட்டதை ஒருத்தரும் பேசவில்லை. அண்ணி கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அவளுக்குத் தூக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அண்ணி பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். இங்கே பெரியம்மா செட்டிகுளம் மலைக்குப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். யாரோ ஒரு சோதிடர், அணிலுக்குத் தினமும் ஆகாரம் வைத்தால் தோஷம் கழியும் என்று சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் அணில்தான் தெய்வம். காலையில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு, கை நிறைய கடலையை உரித்து மதில் மேல் வைப்பாள். சின்னக் கிண்ணத்தில் பால். எங்கிருந்தோ புது அணில்கள் வந்து சேர்ந்தன. நல்ல ஓடு வேய்ந்த கூரையில் அவற்றுக்காகவே ஓர் ஓட்டை விட்டுவைக்கச் சொன்னாள். அண்ணன் மறுபடி தாடி வளர்த்தான், இந்த முறை வேண்டுதலுக்காக. விதைக்கடலையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வைகாசியில் அண்ணி வந்தாள். மெலிந்திருந்தாள். வெடுக்கென்ற பேச்சு போய்விட்டது, சிரிப்பும் போய்விட்டது. வந்த அன்றே அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியம்மா அவளைக் கண்ணில் வைத்துத் தாங்கினாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், மீன் வாங்கிப் பொரித்துப் போட்டாள். எல்லாவற்றுக்கும் அண்ணி சரி அத்தை என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெரியம்மா உரித்த கடலையை மதிலில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"அது எந்தக் கடல அத்த?"

"பரண்ல இருந்ததும்மா. நல்ல காயாப் பாத்து எடுத்தேன்."

"விதக்கடலையா?"

"எல்லாம் ஒன் வயித்துக்காகத்தாண்டி. இதுங்க மனசு குளுந்தா ஒனக்கு நிக்கும்."

அண்ணி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். உள்ளே போனாள். கட்டில் மேல் ஏறி, அங்கிருந்து பரணைப் பிடித்து எம்பினாள். இந்த முறையும் அங்கேதான் கூடு. அதைப் பிரியாமல் இரண்டு கையாலும் எடுத்து, புடவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குட்டிகளின் கீச்சுச் சத்தம் கேட்டது. பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. வேறு இடத்தில் பத்திரமாக வைக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பாள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாட்டுத் தொட்டியில் கழுநீர் நிறைந்திருந்தது. அண்ணி கூட்டை அதற்குள் அழுத்தினாள். முழங்கை வரை நனைந்தது. பஞ்சு மேலே மேலே வந்தது, அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். குமிழி வந்தது. பிறகு வரவில்லை.

"அடிப்பாவி! என்னடி பண்ற!" பெரியம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணியின் கை அசையவில்லை. மதில் மேல் தாய் அணில் கத்திக்கொண்டு ஓடியது. அண்ணன் உள்ளேயிருந்து வந்து படியிலேயே நின்றுவிட்டான். எனக்கு அண்ணியைப் பார்க்கவே பயமாக இருந்தது. போர்வைத் தொலியை உதறும்போது, மெதுவா உதறுடி, மேல அதுங்க பயந்துரும் என்று சொன்னவள்.

பெரியம்மா மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"போச்சு, எல்லாம் போச்சு! இனிமே இந்த வூட்ல ஒரு புள்ள பொறக்குமாடி?"

அண்ணி கையை வெளியே எடுத்தாள். புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பொறக்கும் அத்த. என்னியப் படுக்க வுட்டா பொறக்கும்."